சட்டமும் ஒரு நூலே

தமிழ் கற்றவர்களுக்கும் சட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். சட்டம் வழக்கறிஞர்க்குரியது, இலக்கியம் நமக்குரியது, அவரவர் துறையில் அவரவர் நிற்பதே முறை என்பது பொதுவாக நிலவிவரும் எண்ணம். மேலோட்டமாக நோக்குங்கால் இஃது ஏற்புடையதாகவே தோன்றும். ஆயினும், ஒரு மனிதனைப் பற்றி அவன் வாழ்நாள் முழுவதும் எழுதப்படுகின்ற எழுத்துகள் எவை என்று எண்ணிப் பார்ப்போமாக. பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவு, வாடகை ஒப்பந்தம், கடன் சீட்டு, கிரயப் பத்திரம், பட்டா, உயில், இறுதியில் இறப்புச் சான்று. இவற்றுள் ஒன்றேனும் கவிதையன்று. ஆனால் இவற்றுள் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பமே நிலைகுலையும். தமிழ்நாட்டில் இவற்றுள் பெரும்பாலானவை தமிழிலேயே எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்துப் பொருள் கொள்ள இயலாதவராய் நம் தமிழ்ப் பட்டதாரிகள் கல்லூரியை விட்டு வெளியேறுவார்களாயின், அது தமிழ்க் கல்விக்கு நேர்ந்த குறையே என்பது நம் கருத்து.

நம் ஊர்களில் அடிக்கடி நிகழ்வது ஒன்றுண்டு. தந்தை மறைந்து சில மாதங்கள் கழித்து, உடன்பிறந்த ஆண்மக்கள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவருவர். ‘வீட்டைச் சீர்செய்யக் கடன் வாங்க வேண்டும், ஒரு கையெழுத்துப் போடு, லாத்தா’ என்பர். அக்கையும் மறுசொல் இன்றிக் கையெழுத்திடுவார். அது விடுதலைப் பத்திரம் என்பதும், அதன்வழித் தந்தையின் சொத்தில் தமக்குள்ள பங்கு முழுவதையும் தாம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பதும் பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவரும். அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பெண்ணுக்கென வரையறுத்த பங்கு, யாரும் படித்துக் காட்டாத இரண்டு தாள்களால் கைநழுவிப் போகின்றது. இது நம் சமுதாயத்திற்கு மட்டும் உரிய குறையன்று. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதிலும் திருத்தப்பட்டு மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை கிடைத்த பின்னரும், அக்குடும்பங்களிலும் இதே கையெழுத்து வாங்கப்பட்டே வருகின்றது. சட்டம் தந்த உரிமையைப் படிக்காமை பறித்துவிடுகின்றது.

இலக்கியம் காட்டும் நெறி

ஆவணத்தை ஆராய்தல் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணம் ஓர் ஓலையால் தடைப்படுகின்றது. முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகின்றார். ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வைக்கப்படுகின்றது, படிக்கப்படுகின்றது, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்து ஒப்பிடப்படுகின்றது, அதன் பின்னரே அவையோர் முடிவு கூறுகின்றனர். மூலத்தைக் கேட்டல், படித்தல், ஒப்பிடல், பின்பு தீர்த்தல் என்னும் இந்நான்கு படிகளையே இன்றைய நீதிமன்றமும் பின்பற்றுகின்றது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான். விளைவு யாவரும் அறிந்ததே.

பிற்காலத்திலும் சட்டத்தையும் தமிழையும் ஒருங்கே போற்றிய சான்றோர் பலர். மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். தமிழின் முதல் நாவலை 1879இல் தந்தவரும் அவரே. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய நீதியரசர் மு.மு. இஸ்மாயீல், கம்பனில் ஆழங்காற்பட்ட புலமையாளர் என்பதை நம் மாணவர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒரு சொல்லின் பொருளை எடைபோடும் பயிற்சி, காப்பியத்திற்கும் வழக்கிற்கும் ஒருசேரப் பயன்படும் என்பதற்கு அன்னாரின் வாழ்வே சான்று.

பத்திரத்தின் தமிழ்

நம் பத்திரங்களின் மொழி மாணவர்களை அச்சுறுத்துவது உண்மையே. ஆனால் அம்மொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. வக்கீல், தாவா, ஜாமீன், ஜப்தி, வாய்தா, ஷரத்து, ரத்து, அசல், நகல் ஆகியவை அரபு வேர்களிலிருந்து வந்து தமிழ் வழக்கில் நிலைபெற்ற சொற்கள். தமிழும் அரபும் அருகருகே ஒலிக்கும் ஒரு கல்லூரியில் பயில்வோர் இச்சொற்களைக் கண்டு மருள வேண்டியதில்லை. நிலவரி இரசீதில் காணப்படும் ‘பசலி’ என்பதும் அத்தகையதே. தமிழ்நாட்டில் பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. பழைய இரசீதொன்றில் இந்தச் சிறு கணக்கைப் போடத் தெரிந்தாலே, யார் எந்த ஆண்டில் வரி செலுத்தினார் என்பது விளங்கிவிடும்.

சொற்பொருளினும் இன்றியமையாதது தொடரின் பொருள். தலைப்பில் ‘தானசெட்டில்மெண்ட்’ என்று இருக்கும். உள்ளேயோ, ‘என் ஆயுளுக்குப் பின் நீர் அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்னும் பொருள்பட எழுதப்பட்டிருக்கும். உரிமை இன்றே மாறுகின்றதா, இறப்பிற்குப் பின்னர்தான் மாறுகின்றதா? இன்றே மாறினால் அது செட்டில்மெண்ட். பின்னர் மாறுமாயின் அஃது உயிலின் தன்மையுடையது. உயிலை எழுதியவர் தம் வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீதிமன்றங்கள் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் தொடரையே பார்க்கின்றன. வினைமுற்றின் காலத்தையும் எச்சத்தின் நிபந்தனையையும் பகுத்தறிய இலக்கணம் கற்ற மாணவனுக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அந்த அறிவை இங்கே பயன்படுத்தலாம் என்று அவனுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

இவ்வாறே, கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்டதாலேயே நிலம் தமதாகிவிட்டது என எண்ணுவோர் பலர். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது எனத் தெளிவாகவே கூறுகின்றது. பவர் பத்திரத்தின் மூலம் ‘விற்கப்பட்ட’ சொத்திலும் உடைமை மாறுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2011இல் உறுதிப்படுத்தியது. பட்டா வருவாய்த்துறையின் பதிவேயன்றி, அதுவே முழு உடைமைச் சான்று ஆகாது. ஹிபா எனப்படும் கொடைக்கோ, நம் மார்க்கச் சட்டப்படி எழுத்தும் பதிவும் கட்டாயமில்லை. கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, உடைமையின் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். பத்திரம் அழகாக எழுதப்பட்டு, வீட்டை மட்டும் ஒப்படைக்காமல் விட்டால் அக்கொடை நிலைபெறுவது அரிது.

மூலமும் உரையும்

சட்டத்தை ஆராய்வது எங்ஙனம்? நாம் பழந்தமிழ் நூலை ஆராயும் முறையே இதற்கும் பொருந்தும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் மூலம். அதன் கீழ் அரசு வகுக்கும் விதிகளும் வெளியிடும் அரசாணைகளும் அம்மூலத்திற்கு அடங்கியவை; மூலத்தை மீற அவற்றிற்கு அதிகாரமில்லை. தீர்ப்புகள் உரை போன்றவை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர்; அவற்றுள் விரும்பியதை நாம் கொள்ளலாம். சட்டத்திலோ அவ்வுரிமை இல்லை. உச்சநீதிமன்றத்தின் உரை மற்றெல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

மூலத்தைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். முதலாவது, இது நடப்பில் உள்ளதா? ‘144 தடையுத்தரவு’ என்னும் தொடர் நம் நாவில் ஊறியது. 2024 ஜூலை முதல் நாளன்று பழைய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் விலகிப் புதியவை நடைமுறைக்கு வந்தன. இப்போது தடையுத்தரவுக்குரிய பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. அதே சட்டத்தின் 144ஆம் பிரிவோ மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரின் பராமரிப்பைப் பற்றியது. முன்பு 125 என வழங்கியது அதுவே. ஆனால் அந்நாளுக்கு முன் இழைக்கப்பட்ட குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே இடறுவார். சட்டம் இயற்றப்பட்ட நாளும் நடைமுறைக்கு வந்த நாளும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதும் நினைவிற்குரியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பெற்றது. நடைமுறைக்கு வந்ததோ 2020 ஜூலையில்.

இரண்டாவது, நம் மாநிலத்தில் இதற்குத் திருத்தம் உண்டா? முஸ்லிம் தனிநபர் (ஷரீஅத்) சட்டம் 1937இல் இயற்றப்பட்டபோது, வேளாண் நிலத்தை அது விலக்கி வைத்தது. அந்த மூலத்தை மட்டும் படித்தவர், ‘வயலில் பெண்ணுக்கு ஷரீஅத் பங்கு இல்லை’ என்று கூறிவிடக்கூடும். ஆனால் 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் வயலுக்கும் அதே பங்குமுறைதான். ஒரு திருத்தத்தைத் தேடாமல் விட்டதனால் ஒரு பெண் தன் நிலத்தை இழக்க நேரிடுமாயின், அதனை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியுமா?

மூன்றாவது, சொல் என்ன சொல்கின்றது? 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தது. அதனையொட்டி எழுந்த கருத்து மோதலின் விளைவாக 1986இல் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. இத்தாக் காலத்திற்கு மட்டுமே கணவனின் பொறுப்பு என்று பலரும் அதற்குப் பொருள் கொண்டனர். 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று ஏற்றது. ஆனால் அதன் சொல்லைக் கூர்ந்து நோக்கியது. சட்டம் கூறுவது ‘இத்தாக் காலத்திற்கு’ என்றன்று. ‘இத்தாக் காலத்திற்குள்’ என்பதே. அக்காலம் முடிவதற்குள், அப்பெண்ணின் எதிர்காலத்திற்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் செய்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் பொருள் கண்டது. ‘உள்’ என்னும் ஒரு சிறு சொல் ஆயிரமாயிரம் பெண்களின் வாழ்வைத் தொட்டது. 2024 ஜூலையில், பழைய 125ஆம் பிரிவின் கீழும் அப்பெண்கள் பராமரிப்புக் கோரலாம் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றை ஆதரிப்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு, இருக்கலாம். ஆனால் நான்கு மூலங்களையும் படிக்காமல் மேடையில் முழங்குவது அறிஞர்க்கு அழகன்று.

எங்கே தேடுவது?

முற்காலத்தில் சட்ட நூல்கள் வழக்கறிஞரின் அலமாரிக்குள் இருந்தன. இன்று நிலைமை அவ்வாறில்லை. ‘இந்தியா கோட்’ என்னும் அரசு இணையதளத்தில் மத்திய, மாநிலச் சட்டங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் 2019 முதல் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகின்றன. 2023இல் தொடங்கிய ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளத்தில் அத்தீர்ப்புகளை யாரும் தேடிப் படிக்கலாம். வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் தளத்திலும், பட்டா விவரங்களை வருவாய்த்துறையின் தளத்திலும் வீட்டிலிருந்தே பார்வையிட இயலும்.

அரசு அலுவலகத்திலுள்ள ஆவணத்தைப் பெற 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. மனுவைத் தமிழிலேயே எழுதலாம்; பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தருதல் வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லை என்று பெண்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் சிறார்க்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டம் தோறும் அதற்கான குழு உள்ளது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

காலவரம்பையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கொடுத்த கடனுக்கு வழக்கிடப் பொதுவாக மூன்று ஆண்டுகளே உண்டு; நுகர்வோர் முறையீட்டிற்கு இரண்டு ஆண்டுகள். உறவினரிடம் எங்ஙனம் கேட்பது என்று கூச்சப்பட்டுக் காலத்தைக் கடத்திவிட்டுப் பின்னர் மனம் கசந்து பிரிவதைக் காட்டிலும், தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது உறவைக் காக்கும். கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே அல்குர்ஆனில் மிக நீண்டது என்பதை நம் பெரியோர் அறிவர். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன் பின்னர் மேலும் 60 நாள்கள் தரப்பட்டுள்ளன. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு கடமை முடிந்துவிடவில்லை.

மறுப்பும் விடையும்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். அரைகுறைச் சட்ட அறிவு தீங்கு விளைக்கும் என்பது ஒன்று. உண்மைதான். நாம் வேண்டுவது வழக்கறிஞருக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் செல்பவன் தன் நோயைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதுபோல் வழக்கறிஞரிடம் செல்பவன் தன் தாளில் எழுதியிருப்பது என்ன என்று அறிந்திருக்க வேண்டும். படித்தவன் நல்ல வினாவைக் கேட்பான். படிக்காதவன் சொன்ன இடத்தில் கையெழுத்திடுவான்.

பெண்களும் இளைஞரும் சட்டம் படித்தால் குடும்பத்தில் சச்சரவு பெருகும் என்பது மற்றொன்று. இதனைச் சமுதாயப் பெரியோர் சிலர் கவலையோடு கூறுகின்றனர். அவர்தம் கவலையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் சச்சரவை விளைப்பது அறிவன்று, மறைப்பே. தன் பங்கு இன்னது என அறிந்து, மனம் உவந்து உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுக்கும் அக்கை அவனை வாழ்த்துவார். அறியாமல் இழந்தவர் வாழ்த்துவாரா? அறிந்து கொடுப்பதே கொடை.

செய்யத்தக்கன

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் 1976இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கையை நாமும் ஆதரிக்கின்றோம். ஆனால் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று முழங்குகின்ற தமிழ்த்துறைகள், வகுப்பறையில் சட்டத் தமிழுக்கு இடம் தந்துள்ளனவா? கோரிக்கைக்கு வலிமை சேர்ப்பது பயிற்சியே.

ஆதலின் மூன்று செயல்களை முன்வைக்கின்றோம். முதலாவதாக, பயன்பாட்டுத் தமிழ்த் தாளில் ஓர் அலகினை ஆவண வாசிப்பிற்கு ஒதுக்க வேண்டும். பெயரும் முகவரியும் நீக்கிய கிரயப் பத்திரம், விடுதலைப் பத்திரம், உயில், அரசாணை ஆகியவற்றை மாணவர் படித்து எளிய தமிழில் எழுதிக்காட்டப் பழக வேண்டும். முதுகலை, முனைவர் பட்ட மாணவர், பழங்குடும்பங்களின் இசைவு பெற்றுப் பழைய பத்திரங்களின் மொழியை ஆராயலாம். அது சொல்லாராய்ச்சிக்கும் உதவும். சமூக வரலாற்றிற்கும் உதவும்.

இரண்டாவதாக, மாதம் ஒருநாள், ஆசிரியரின் மேற்பார்வையில், மாணவ மாணவியர் அமர்ந்து, வருவோரின் தாள்களைப் படித்துக்காட்டலாம். தாளில் உள்ளதை விளக்குவதோடு அவர்கள் நிற்க வேண்டும், அறிவுரை கூறலாகாது. மேல்நடவடிக்கை வேண்டுவோரைச் சட்டப் பணிகள் குழுவிற்கோ வழக்கறிஞரிடமோ அனுப்பிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நம் ஜமாஅத்துப் பெரியோரிடம் வைக்கும் பணிவான வேண்டுகோள். ஒரு பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், அப்பத்திரத்தால் பயன்பெறாத ஒருவர் அதனை முதலெழுத்து முதல் இறுதிவரை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவருடைய பங்கு எவ்வளவு என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். சிந்திக்கச் சில நாள்களேனும் தர வேண்டும். இதனை ஒரு வழக்கமாக நம் ஊர்களில் நிலைநிறுத்தச் சட்டம் எதுவும் தேவையில்லை. பெரியோர் மனம் வைத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய துணிப்பை இருக்கும். அதனுள் சில தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இவ்விடுமுறையில், பெற்றோரின் அனுமதியோடு அவற்றை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். விளங்காத சொற்களைக் குறித்துக்கொண்டு துறைக்கு வாருங்கள். உங்களோடு அமர்ந்து படிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.